மருத்துவமனை நிர்வாகம், மருத்துவக் கல்லூரி அலுவலகம்: வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மருத்துவமனை வேலை என்றாலே டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன் என்றுதான் நம் வீடுகளில் யோசிக்கிறார்கள். ஓ.பி. சீட்டு போடுகிறவர், பில் போடுகிறவர், காப்பீட்டுக்கு அனுமதி வாங்குகிறவர், நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகள் அடங்கிய கேஸ் ஷீட்டைப் பாதுகாக்கிறவர், உரிமங்களைப் புதுப்பிக்கிறவர், மருத்துவ மாணவர்களின் வருகைப்பதிவைப் பார்க்கிறவர் என்று இன்னொரு பெரிய கூட்டம் அங்கே வேலை செய்கிறது. இவர்களில் ஒருவர் சரியாக இல்லையென்றால் நோயாளி வாடுவார். பி.காம்., பி.பி.ஏ., பி.எஸ்சி., பி.ஏ. என்று எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் இதற்குள் வரலாம். தமிழ்நாட்டில் இந்த வேலைகளுக்கு எப்படி வருவது, வந்தபின் எதைக் கற்றுக்கொள்வது என்று இங்கே சொல்கிறேன்.

என் யோசனை ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டப்படிப்பு முடித்தவுடன் லட்சக்கணக்கில் கட்டி எம்.பி.ஏ. மருத்துவமனை நிர்வாகத்தில் சேர வேண்டாம். ஒரு நோயாளியின் கோப்பு ஓ.பி. சீட்டிலிருந்து பதிவேட்டு அறை அலமாரிவரை எப்படிப் போகிறது என்பதை வேலையில் இருந்து முதலில் கற்றுக்கொள்ளுங்கள். அதை அறிந்தவர் பிறகு எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்.

முதல் படி: எந்த வாசல் வழியாக நுழைவது

தனியார் மருத்துவமனைகளில் புதியவர்களை எடுக்கும் இடங்கள் பெரும்பாலும் நான்கு: வரவேற்பு மற்றும் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு), பில்லிங், காப்பீட்டு டெஸ்க், எம்.ஆர்.டி. எனப்படும் மருத்துவப் பதிவேட்டுத் துறை. தரப்பிரிவு, கொள்முதல், மனிதவளம் ஆகியவை பெரும்பாலும் கொஞ்சம் அனுபவத்துக்குப் பிறகு திறக்கும் வாசல்கள்.

கிடைத்தால் காப்பீட்டு டெஸ்க்கை எடுங்கள். இல்லையென்றால் எம்.ஆர்.டி. இந்த இரண்டு இடத்திலும்தான் மருத்துவம், பணம், சட்டம் மூன்றும் ஒரே காகிதத்தில் சேர்கின்றன. வரவேற்பில் பேச்சுத்திறன் வளரும், ஆனால் கேஸ் ஷீட்டைத் திறந்து பார்க்க அங்கே வாய்ப்புக் குறைவு.

பெரிய பெயர் உள்ள மருத்துவமனையா, ஊரில் இருக்கும் ஐம்பது, நூறு படுக்கை மருத்துவமனையா என்று குழம்புகிறவர்கள் உண்டு. பெரிய இடத்தில் உங்களை ஒரு கவுன்டரில் உட்கார வைத்தால் அந்த ஒரு வேலைதான் தெரியும். நடுத்தர மருத்துவமனையில் காலையில் அட்மிஷன், மதியம் பில்லிங், மாலையில் டிஸ்சார்ஜ் என்று எல்லாவற்றிலும் கைவைக்கச் சொல்வார்கள். அலுப்பாக இருக்கும். ஆனால் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டாவது படி: கேஸ் ஷீட்டைப் படிக்கப் பழகுவது

வேலைக்குச் சேர்வதற்கு முன்பே வீட்டிலிருந்து செய்யக்கூடிய தயாரிப்பு இது. மருத்துவச் சொற்கள் பார்க்கத்தான் பயமுறுத்தும், உள்ளே ஒழுங்கு உண்டு. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி எடுப்பது. அப்பெண்டிசைட்டிஸ் நோய், அப்பெண்டிசெக்டமி அதற்கான அறுவை சிகிச்சை. இப்படி ஒரு ஐம்பது முன்னொட்டு, பின்னொட்டுகளைப் படித்துவிட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பகுதி புரியத் தொடங்கும்.

அடுத்தது சுருக்கெழுத்துகள். நம் ஊர் டாக்டர்கள் ரத்த அழுத்தத்தை எஸ்.எச்.டி. என்றும், சர்க்கரை நோயை டி.எம். என்றும், இதய ரத்தக்குழாய் நோயை சி.ஏ.டி. என்றும், நாள்பட்ட சிறுநீரக நோயை சி.கே.டி. என்றும் எழுதுவார்கள். எம்.எல்.சி. என்றால் போலீஸுக்குத் தகவல் தர வேண்டிய வழக்கு. ஏ.ஆர். காப்பி என்றால் விபத்துப் பதிவேட்டின் நகல். 'டாமா' என்றால் டாக்டரின் ஆலோசனையை மீறி நோயாளி வெளியேறுவது. இவற்றை ஒரு சிறிய நோட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத எழுத்தை ஊகிக்க வேண்டாம், ட்யூட்டி டாக்டரிடமோ வார்டு சிஸ்டரிடமோ கேளுங்கள். கேட்பவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

எக்ஸெல் தெரிந்திருக்க வேண்டும். வடிகட்டுவது, பிவட் அட்டவணை போடுவது, இரண்டு பட்டியல்களை ஒப்பிடுவது, இந்த மூன்றும் போதும். தமிழில் தெளிவாகப் பேசவும் எழுதவும் வருவது இங்கே பெரிய தகுதி.

மூன்றாவது படி: காப்பீட்டு டெஸ்க்கை உள்ளும் புறமும் அறிவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று தனியார் மருத்துவமனைகளில் நோயாளிக்கும் நிர்வாகத்துக்கும் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

நோயாளி சேர்ந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்கோ, அதன் சார்பில் கோரிக்கைகளைக் கவனிக்கும் இடைநிலை நிறுவனமான டி.பி.ஏ.வுக்கோ முன் அனுமதி விண்ணப்பம் போக வேண்டும். ப்ரீ-ஆத் என்று சொல்வார்கள். நோய் என்ன, எத்தனை நாளாக, என்ன சிகிச்சை, எவ்வளவு செலவாகும் என்பதை டாக்டர் எழுதித் தருவார். நீங்கள் அதைப் பாலிசி விவரம், அடையாளச் சான்று, பரிசோதனை முடிவுகளோடு சேர்த்து அனுப்புவீர்கள். செலவு கூடினால் இடையில் கூடுதல் அனுமதி கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று இறுதி பில்லையும் சம்மரியையும் அனுப்பி இறுதி அனுமதி வாங்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ரொக்கமில்லா சிகிச்சைக்கான கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு 3 மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருங்கள். தாமதமானால் எந்த விதியைச் சொல்லிக் கேட்பது என்று தெரிய வேண்டுமே.

உண்மையில் தாமதம் பல நேரங்களில் நம் பக்கமே இருக்கும். டாக்டர் காலை ரவுண்ட்ஸில் 'இன்றைக்குப் போகலாம்' என்று சொல்லிவிடுவார். அதன் பிறகு சம்மரி டைப் ஆக வேண்டும், திருப்பித் தர வேண்டிய மருந்துகள் பார்மசிக்குப் போக வேண்டும், நிலுவையில் உள்ள லேப் ரிப்போர்ட் வர வேண்டும், பில் சரிபார்க்கப்பட வேண்டும். அதற்கப்புறம்தான் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கோப்பே போகும். நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகப்போகிறவர்களின் பட்டியலை முதல் நாள் மாலையே வார்டில் வாங்கி, சம்மரியை அன்றிரவே தயார்செய்யச் சொல்லும் பழக்கம் இருந்தால் நோயாளிக்குப் பல மணி நேரம் மிச்சமாகும். இந்தப் பழக்கத்தை ஒரு மருத்துவமனையில் நிலைநிறுத்துகிறவருக்குப் பதவி உயர்வு தானாக வரும்.

இன்னொன்று, கேஸ் ஷீட்டில் எழுதப்படும் கால அளவு. 'எஸ்.எச்.டி. 10 மாதம்' என்பது '10 வருடம்' என்று எழுதப்பட்டால், பாலிசி எடுப்பதற்கு முன்பே நோய் இருந்ததாக ஆகி கோரிக்கை நிராகரிக்கப்படலாம். முன்பே இருந்த நோய்க்குக் காப்பீடு கிடைக்காத காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 36 மாதங்கள். ஒரு குடும்பத்தின் சில லட்ச ரூபாய் அந்த ஒற்றைச் சொல்லில் தொங்குகிறது. சந்தேகம் வந்தால் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். தவறு என்றால் அவரே திருத்தி, கையெழுத்திட்டு, தேதி போட வேண்டும். எவ்வளவு நல்ல எண்ணத்தில் செய்தாலும் நீங்கள் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. உண்மையிலேயே பத்து வருடம் என்றால் பத்து வருடம்தான். யார் கேட்டாலும், எந்த மேலதிகாரி சொன்னாலும்.

அறை வாடகை விஷயத்தையும் சேர்க்கும் நேரத்திலேயே குடும்பத்துக்கு விளக்க வேண்டும். பாலிசியில் அறை வரம்பு நாளுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் 10,000 ரூபாய் அறை எடுக்கிறார்கள். கூடுதல் 5,000 மட்டும் நம் கையிலிருந்து போகும் என்று நினைப்பார்கள். பாலிசியில் விகிதாசாரக் கழிவு இருந்தால் டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் போன்றவற்றிலும் பாதிதான் கிடைக்கும். மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனை, ஐ.சி.யூ. கட்டணங்களில் இந்தக் கழிவு கிடையாது. இதைக் கடைசி நாளில் சொன்னால் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும், அப்படித் தோன்றுவதில் நியாயமும் இருக்கிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தனி உலகம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கானது. 2018 முதல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு வருகிறவர்களில் பலருக்கு எந்தக் காகிதம் எதற்கு என்று தெரியாது. காப்பீட்டு அட்டை இல்லை என்பதற்காக யாரையும் வெறுமனே திருப்பி அனுப்பாதீர்கள். வருமானச் சான்றுக்கு எங்கே விண்ணப்பிப்பது, ஆட்சியர் அலுவலகத்தில் அட்டைப் பதிவு எங்கே என்று ஒரு துண்டுச்சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலைதான், ஒரு அறுவை சிகிச்சை நடக்கிறதா இல்லையா என்பதே அதில் இருக்கலாம்.

நான்காவது படி: எம்.ஆர்.டி.யில் சட்டம் கற்பது

டிஸ்சார்ஜ் ஆன கோப்பு இங்கே வந்ததும் தாள்களை வரிசைப்படுத்தி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதா, அறுவை சிகிச்சைக் குறிப்பு இருக்கிறதா என்று சரிபார்ப்பார்கள். நோய்க்கு ஐ.சி.டி. என்ற சர்வதேச நோய்க் குறியீடு போடுவார்கள். அப்புறம் அலமாரியோ, ஸ்கேனரோ.

இங்கே சில விதிகள் தெரிந்தே ஆக வேண்டும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிமுறைகளின்படி உள்நோயாளிப் பதிவேடுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எம்.எல்.சி. கோப்புகளைத் தனியே பூட்டி வைப்பார்கள். வழக்கு முடியும்வரை அவற்றை அழிக்கக் கூடாது. பிறப்பு, இறப்புகளை 21 நாட்களுக்குள் பதிவுக்கு அனுப்ப வேண்டும். ஸ்கேன் மையம் இருந்தால், கர்ப்பிணிகளின் ஸ்கேன் விவரங்களை எழுதும் படிவம் எஃப் தொடர்பான மாத அறிக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் போக வேண்டும். இறப்புக்கான மருத்துவச் சான்றில் 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். இதயத்தை நிறுத்திய அடிப்படை நோய்தான் அங்கே வர வேண்டும். நாட்டின் இறப்புப் புள்ளிவிவரம் இந்தத் தாளிலிருந்துதான் உருவாகிறது.

நோயாளியின் தகவல் நோயாளிக்குச் சொந்தம். கேஸ் ஷீட்டைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாகிவிட்டது. சட்டம் வராவிட்டாலும் அது தவறுதான். பக்கத்து வீட்டுக்காரர் சேர்க்கப்பட்டிருந்தாலும் உங்கள் வீட்டில் போய்ச் சொல்லக் கூடாது.

ஐந்தாவது படி: மருத்துவக் கல்லூரி அலுவலகத்தையும் பார்ப்பது

வேலை தேடுகிறவர்கள் அநேகமாக மறந்துவிடும் இடம் இது. தமிழ்நாட்டில் அநேகமாக எல்லா மாவட்டங்களிலும் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை பல, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கீழ் வருபவை சில. ஒவ்வொன்றிலும் டீன் அலுவலகம், மாணவர் பிரிவு, தேர்வுப் பிரிவு, மருத்துவக் கல்விப் பிரிவு, ஆராய்ச்சிப் பிரிவு, திறன் ஆய்வகம், நூலகம் என்று எல்லாவற்றுக்கும் ஆட்கள் தேவை.

மாணவர் பிரிவில் இருப்பவர் தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக 2020 செப்டம்பரில் வந்த அமைப்பு இது. தேர்வு எழுத வகுப்புகளில் 75 சதவீதமும் செய்முறையில் 80 சதவீதமும் வருகை வேண்டும். எம்.பி.பி.எஸ். படிப்பைச் சேர்ந்ததிலிருந்து 9 ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும், முதலாண்டுத் தேர்வுக்கு 4 வாய்ப்புகள்தான். வருகை குறைகிற மாணவருக்கு ஆண்டுக் கடைசியில் கடிதம் அனுப்பினால் என்ன பயன்? மாதாமாதம் பட்டியல் எடுத்து, 75-ஐ நெருங்குகிறவர்களின் பெயரைத் துறைக்கும் வழிகாட்டி ஆசிரியருக்கும் அனுப்புங்கள். வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தனியாகத் தவிக்கும் பிள்ளையை முதலில் கண்டுபிடிப்பது பல நேரம் இந்தப் பட்டியல்தான்.

2019-இல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்த பிறகு மருத்துவக் கல்விப் பிரிவின் வேலை கூடிவிட்டது. மாணவர் எந்தத் திறனைச் செய்து காட்டினார், யார் சான்றளித்தார் என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பட்டறைகளை ஏற்பாடு செய்ய வேண்டும். அட்டவணை போடுவது, பொம்மை மாதிரிகளைப் பராமரிப்பது, கருத்துப் படிவங்களைத் தொகுப்பது எல்லாம் உதவியாளர் கையில். பள்ளியிலோ கலைக் கல்லூரியிலோ அலுவலக வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும்.

நெறிமுறைக் குழுவின் செயலகம் எனக்குப் பிடித்த இடம். ஆராய்ச்சி தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு திட்டமும் இங்கே வர வேண்டும். மருந்துச் சோதனைகளுக்கு 2019-இன் புதிய மருந்துகள் விதிகளின்படி குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும், கூட்டத்தில் குறைந்தது 5 பேர். நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுவது, தமிழ் ஒப்புதல் படிவம் உண்மையிலேயே படிக்கப் புரிகிறதா என்று பார்ப்பது, முதுநிலை மாணவர்களின் கோப்புகளைப் பின்தொடர்வது, இவைதான் வேலை. நல்ல தமிழ் தெரிந்தவர் அந்த ஒப்புதல் படிவத்தைச் சரிசெய்வதே நோயாளிகளுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

உடற்கூறியல் துறை அலுவலகத்துக்கு உடல் தானம் பற்றிக் கேட்டுத் தொலைபேசி வரும். எதிர்முனையில் பேசுகிறவர் அப்போதுதான் அப்பாவை இழந்திருப்பார். என்னென்ன சான்றுகள் வேண்டும், யார் கையெழுத்திட வேண்டும் என்பதைப் பொறுமையாக, ஒரே முறையில் முழுமையாகச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. ஆசிரியர்களின் வருகைப்பதிவு இப்போது ஆதாருடன் இணைந்தது. ஆனாலும் இல்லாத ஆசிரியரை இருப்பதாகவும், காலி வார்டை நிறைந்ததாகவும் காட்டும் காகிதங்களைத் தயாரிக்கச் சொல்லும் கல்லூரிகள் இருக்கலாம். அதில் உங்கள் கையெழுத்தைப் போடாதீர்கள். இல்லாத ஆசிரியரிடம் படித்த மாணவர்தான் நாளை உங்கள் குழந்தைக்கு மருந்து எழுதுவார். அப்படிப்பட்ட இடமென்றால் வேறு வேலை தேடுவதே சரி.

ஆறாவது படி: அரசு வேலையும் மெடிக்கல் கோடிங்கும்

அரசு மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி அலுவலகங்களின் இளநிலை உதவியாளர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுதான் வழி. தொழில்நுட்பப் பணிகள் பலவற்றுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட நலவாழ்வுச் சங்கம் டேட்டா என்ட்ரி, கணக்கு, திட்ட உதவியாளர் போன்ற பணிகளுக்குத் தொகுப்பூதியத்தில் ஆள் எடுக்கும், மாவட்ட இணையதளத்தில் அறிவிப்பு வரும். அது நிரந்தரப் பணி இல்லை என்று தெரிந்தே சேருங்கள். இவற்றில் எதற்கும் இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சென்னை, கோவை, திருச்சியில் நடக்கும் மெடிக்கல் கோடிங், அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லுக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் வேலை. உயிரியல் சார்ந்த பட்டதாரிகளுக்கு நல்ல பிழைப்பு. இதற்கான சி.பி.சி. சான்றிதழ் தேர்வில் 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ஆனால் அங்கே நோயாளியைப் பார்க்க மாட்டீர்கள், நம் ஊர் மருத்துவமனை எப்படி இயங்குகிறது என்பதும் தெரியவராது. '100 சதவீதம் வேலை உறுதி' என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையத்தில் கட்டணம் கட்டுவதற்கு முன், அங்கே போன ஆண்டு படித்த இருவரிடமாவது பேசுங்கள்.

ஏழாவது படி: முதல் மூன்று மாதம்

நோயாளியின் குடும்பத்தோடு பேசுவதே உங்கள் பாதி வேலை. வயதான அம்மா ஒருவர் கவுன்டருக்கு வந்து, "தம்பி, எப்போப்பா விடுவாங்க?" என்று மூன்றாவது முறை கேட்பார். "ப்ராசஸ்ல இருக்கு" என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? "அம்மா, டாக்டர் எழுதிட்டாரு. மருந்து பில் மட்டும் வரணும். அரை மணி நேரம் ஆகும், நானே வார்டுக்கு வந்து சொல்றேன், நீங்க போய் உட்காருங்க" என்று சொல்லுங்கள். சொன்னபடி போயும் சொல்லுங்கள்.

தினமும் வேலை முடிந்தபின் ஒரு கோப்பை மட்டும் முதல் தாள் முதல் கடைசித் தாள்வரை படியுங்கள். யார் எப்போது எதை எழுதினார், எங்கே தாமதமானது என்று பாருங்கள். வாரம் ஒரு நாள் அனுமதி வாங்கி வேறு துறையில் நில்லுங்கள். உயிரி மருத்துவக் கழிவு எந்த நிறப் பையில் போகிறது, 48 மணி நேரத்துக்குள் வண்டி எடுத்துச் செல்கிறதா என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவரும். மருத்துவமனை என்.ஏ.பி.எச். என்ற தேசியத் தரச்சான்றுக்குத் தயாராகிறது என்றால் எழுத்து வேலைக்கு நீங்களாகவே பெயர் கொடுங்கள். எல்லாத் துறைகளின் நடைமுறைகளையும் ஒரே இடத்தில் படிக்க அதுபோல வாய்ப்பு வராது.

மேற்படிப்பும் சம்பளமும்

இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து எம்.எச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் பட்டம்) அல்லது எம்.பி.ஏ. படிக்கலாம். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் எம்.எச்.ஏ. நெடுங்காலமாக நல்ல பெயர் உள்ளது. எம்.டி. மருத்துவமனை நிர்வாகம் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மட்டும். கண் மருத்துவமனை நிர்வாகத்தில் ஆர்வம் இருந்தால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் லைகோ நிறுவனம் நடத்தும் பயிற்சிகளைப் பாருங்கள். 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அவ்வளவு பெரிதாக வளர்ந்ததில் நிர்வாகத்துக்கு எவ்வளவு பங்கு என்று அங்கே நேரில் கற்கலாம். மருத்துவப் பதிவேட்டுத் துறை 2021-இன் தேசிய இணைச்சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருவதால், அதற்கான படிப்பில் சேரும் முன் நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொடக்கச் சம்பளம் குறைவுதான், மறைக்க வேண்டியதில்லை. அதனால் நேர்முகத்தில் சம்பளத்தோடு சேர்த்து இவற்றையும் கேளுங்கள்: பி.எஃப். பிடித்தம் உண்டா, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. உண்டா, இரவு ஷிஃப்ட் மாதத்தில் எத்தனை, இரவில் வீடு திரும்ப வண்டி தருவார்களா, வேறு துறைக்கு மாற்றிப் பயிற்சி தருவார்களா, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா. கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், நகல் மட்டும் தருவதாகச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்த மருத்துவமனைக்கு விண்ணப்பியுங்கள்.